மறைந்திருந்த முதல் பதிவு

அத்தியாயம் பதினான்கு

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பாக்கியரத்தினத்தின் வாகனம் படலையடியில் வந்து நின்றபோது, தயாளினி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று வருடமாக இதுதான் வழக்கம். அவளுடைய கதை அன்புவழிபுரத்தில் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததெல்லாம் பொய் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"ரூபி, அறுபது டிஸ்க் கொப்பி அடிக்கவேணும் பிள்ளை. கனடாக்காரர் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுகினம். வெறுங்கையோட அனுப்ப ஏலாது."

ஜெயரூபியின் தாய்மாமன் அவர். போன கிழமைதான் அவருடைய ஒரே மகன் இராகுலனுக்குக் கல்யாணம் நடந்தது. வீடியோவை வெட்டி ஒட்டிச் சீராக்கியது ஜெயரூபி. கணவன் கட்டாரில் இருக்க, தகப்பன் வீட்டு நடு அறையில் கணினியை வைத்துக்கொண்டு கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று ஊரின் விசேஷங்களையெல்லாம் டிஸ்க்கில் எழுதிக்கொடுக்கிறவள் அவள்தான்.

"செய்யலாம் மாமா. எல்லாம் ஆயத்தம்."

"இன்னொண்டு." அவர் பையிலிருந்து ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "பொடியன்ர சின்ன வயசுப் படங்கள். அவன்ர அலுமாரிக்குள்ள கிடந்தது. இதை முன்னுக்குப் போட்டுத் தொடங்கினால் வடிவா இருக்கும். அவனுக்குச் சொல்லேல்லை, நுவரெலியாவில இருந்து இண்டைக்கு மத்தியானம்தான் வருகினம். பார்த்துத் திகைக்கட்டும்."

பேனையால் 'இராகுலன் - சிறுவயது' என்று எழுதியிருந்தது.

"நாலு மணிக்கு எங்கட வீட்டில எல்லாச் சனமும் கூடுறம். முதல் டிஸ்க்கை நீயே கொண்டுவந்து போட்டுக்காட்டு. அப்பாவை நான் இப்பவே கூட்டிக்கொண்டு போறன்." குரலைத் தாழ்த்தினார். "தயா வரமாட்டாள்தானே?"

"வரமாட்டாள் மாமா."

"பாவம். கோணேசர் கோயிலுக்குப் போற நேரமெல்லாம் அவளுக்காகத்தான் கும்பிடுறனான்."

தகப்பன் இராசையா சட்டையை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சாத்தியிருந்த குசினிக் கதவை அவர் பார்க்கவே இல்லை. இளைய மகள் தயாளினியோடு அவர் கதைத்து மூன்று வருடம். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. ஒரு சொல் இல்லை.

வாகனம் உவர்மலையில் பாக்கியரத்தினத்தின் வீட்டுக்குப் போனது.

அந்த மூன்று வருடத்துக்கு முன்பு தயாளினி சீனன்குடாவில் ஒரு தனியார் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தாள். இராகுலனுக்கு அவளைக் கேட்டார்கள். "எனக்கு விருப்பமில்லை" என்று அவள் நேரே சொன்னாள். பாக்கியரத்தினம் சிரித்துக்கொண்டே எழும்பிப் போனார். பிறகு கிளிவெட்டியில் ஒரு விவசாய உத்தியோகத்தரைப் பேசி, பதிவுத் திருமணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கு நான்கு நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு டிஸ்க் வந்தது. அலுவலகச் சுற்றுலாவில் எடுத்தது. கடற்கரையில் மேற்பார்வையாளர் நிமலேந்திரன் தயாளினியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார். அவள் கண்ணை மூடி அவருடைய தோளில் முகத்தைச் சாய்த்திருக்கிறாள். நாற்பது வினாடிதான். கூடவே பெயரில்லாத ஒரு கடிதம். கிளிவெட்டிக்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிக் கல்யாணத்தை நிறுத்தினார்கள்.

ஊரில் வேறு வீடுகளுக்கும் போயிருந்தது. இராசையாவுக்கு அதைப் போட்டுக் காட்டியது பாக்கியரத்தினம்தான். "எனக்கும் ஆரோ அனுப்பியிருக்கினம். மறைக்க எனக்கு மனம் வரேல்லை இராசையா" என்று கண் கலங்கினார்.

தூண்டில் முள் குத்தியது, அவர் அதை எடுத்துவிட்டார் என்று தயாளினி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நிமலேந்திரன் அதற்குள் மாற்றலாகிக் குருநாகல் போயிருந்தார். அவரைத் தேடிப்போய்க் கேட்பதே வெட்கம் என்றார் இராசையா. தயாளினி வேலையை விட்டாள். கிளிவெட்டி மாப்பிள்ளை அடுத்த வருடமே வேறிடத்தில் கட்டினார்.

ஜெயரூபி பழைய டிஸ்க்கைக் கணினியில் போட்டாள். நாற்பது படங்கள். தொட்டிலில் இராகுலன், முன்பல் விழுந்த இராகுலன், சைக்கிளில் இராகுலன். பிரதி எடுத்துக்கொண்டு டிஸ்க்கை வெளியே எடுத்தவள், கீறல் இருக்கிறதா என்று வழக்கம்போல யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

ஏதோ சரியில்லை.

டிஸ்க்கில் எழுதிய பகுதி, எழுதாத பகுதியைவிடச் சற்று இருண்டு தெரியும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் எழுதப்படும். நாற்பது படத்துக்கு ஒரு மெல்லிய வளையம் போதும். இதில் அந்த இருட்டு பாதிக்கு மேல் போயிருந்தது. இடையில் நூல்போல ஒரு கோடு வேறு.

இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள்.

இந்த வகை டிஸ்க்கில் எழுதியதை அழிக்க முடியாது. மறைக்கத்தான் முடியும். இரண்டாவது தடவை எழுதும்போது முதல் பதிவோடு சேர்க்காமல் விட்டால், கணினி கடைசிப் பதிவை மட்டுமே காட்டும். எழுதியவனும் பழையது போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். ஆனால் முதல் பதிவு அப்படியே உள்ளே கிடக்கும்.

இன்னும் கொஞ்சம் படங்கள் கிடைக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். டிஸ்க் எழுதும் புரோகிராமைத் திறந்து முதல் பதிவைக் கேட்டாள். ஒரே ஒரு கோப்புறை வந்தது.

அதன் பெயர் 'தயா'.

உள்ளே நான்கு கோப்புகள். நாற்பது வினாடி வீடியோ. ஆறு நிமிட வீடியோ. ஒரு கடிதம். ஒரு பெயர்ப் பட்டியல்.

கடிதத்தைத்தான் முதலில் திறந்தாள். "உங்கள் மகனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் யோகியதையை இத்துடன் உள்ள இறுவட்டில் கண்டுகொள்ளவும். இப்படிக்கு, நலன்விரும்பி." யோக்கியதை என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. கிளிவெட்டிக்காரர் திருப்பி அனுப்பிய கடிதத்திலும் அதே எழுத்துத்தான் இல்லை. அந்தக் கடிதத்தை அவள் எத்தனை தரம் வாசித்திருப்பாள்!

"தயா!" என்று கத்தினாள். "தயா, இஞ்ச ஓடி வா!"

தயாளினி ஈரக் கையோடு வந்தாள். ஆறு நிமிட வீடியோவை இருவரும் நின்றபடியே பார்த்தார்கள்.

கடற்கரையில் பெண்கள் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். அறுந்த வலைத்துண்டு ஒன்றைத் தயாளினி தூக்குகிறாள், அலறுகிறாள். உள்ளங்கையில் தூண்டில் முள். நிமலேந்திரன் ஓடிவந்து கையைப் பிடிக்கிறார். வலியில் அவள் கண்ணை மூடிச் சாய்கிறாள். அந்த நாற்பது வினாடி அதோடு முடிந்திருந்தது. ஆனால் வீடியோ முடியவில்லை. நிமலேந்திரனின் மனைவி தண்ணீர்ப் போத்தலோடு வருகிறாள். தயாளினியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொள்கிறாள். "இழுங்கோ, யோசிக்காமல் இழுங்கோ" என்று புருசனிடம் சொல்கிறாள். முள் வருகிறது. அவள் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிடுகிறாள். கமெராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சிரிக்கிறது: "தயாவுக்கு மீன் பிடிக்கத் தெரியேல்லை, தயாவைத்தான் தூண்டில் பிடிச்சிருக்கு."

இராகுலனின் குரல். சுற்றுலாவைப் படம் எடுக்கக் கூட்டிப்போனது அவனைத்தான்.

தயாளினி அழவில்லை. கணினியை நிறுத்தச் சொல்லி, மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும் பார்த்தாள்.

"நான் சொன்னதுதானே அக்கா," என்றாள். "ஒரு சொல்லும் கூடக்குறையச் சொல்லேல்லைதானே?"

"இல்லையடி. ஒரு சொல்லும் இல்லை."

 ஜெயரூபி கல்யாண வீடியோவைத் திறந்தாள். "தாலி கட்டினவுடன இதைப் போடுறன். அறுபது டிஸ்க்கிலயும். கனடாவிலயும் பார்க்கட்டும், லண்டனிலயும் பார்க்கட்டும். உலகம் முழுக்க அவையின்ர மானம் போகட்டும்."

"வேண்டாம்."

"ஏன்? பாவம் பார்க்கிறியோ?"

"பாவமோ?" தயாளினி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெயரூபிக்கே பயம் வந்தது. "அறுபது வீட்டில அறுபது சனம் தனித்தனியாப் பார்த்தால் மாமாவுக்கு என்ன? கதவைச் சாத்திப்போட்டு இருப்பார். எனக்கு அவற்ர முகம் பார்க்கவேணும். சனம் எல்லாம் சுத்தி இருக்க, அவர் எங்க பார்க்கிறதெண்டு தெரியாமல் முழிக்கவேணும். எனக்கு ஒரு டிஸ்க் போதும்."

"அப்பாட்ட இப்ப போன் பண்ணிச் சொல்லுவமோ?"

"அப்பாவும் அங்கயே இருந்து பார்க்கட்டும்."

நாற்பது வினாடிக்குப் பின்னால் ஆறு நிமிட வீடியோவைப் போட்டு, கடிதத்தையும் பட்டியலையும் படங்களாக மாற்றிக் கடைசியில் சேர்த்தாள் ஜெயரூபி. முன்னுக்கு இராகுலனின் சிறுவயதுப் படங்கள் நாலைந்து. எட்டு மடங்கு வேகத்தில்தான் எழுதினாள். வேகம் கூட்டி எழுதினால் சில பிளேயர்களில் இடைநடுவில் நின்றுவிடும். இது நிற்கக்கூடாது.

எழுதி முடியும்வரை தயாளினி தலை சீவிக்கொண்டு நின்றாள். மூன்று வருடமாக உடுக்காத மயில்நீலச் சேலையை எடுத்து உடுத்தாள்.

பாக்கியரத்தினத்தின் மண்டபம்போன்ற பெரிய அறையில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பலகாரத் தட்டுகள் சுற்றிவந்தன. புது மாப்பிள்ளை இராகுலனும் பெண் சிந்துஜாவும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். செற்றியில் இராசையா.

அக்காவின் பின்னால் தயாளினி நுழைந்ததும் கதை நின்றது. இராசையா தலையைக் குனிந்துகொண்டார்.

பாக்கியரத்தினம் ஒரு கணம் தடுமாறி, உடனே சிரித்தார். "வா பிள்ளை, வா! நீ வந்தது எவ்வளவு சந்தோசம்."

"டிஸ்க்கை நான்தான் கொண்டுவந்தனான் மாமா. நானே போடுறன்."

தொட்டில் படம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சிந்துஜா வெட்கத்தோடு கணவனைப் பார்த்தாள். அவனுடைய முகம் மாறியிருந்தது.

"இந்தப் படங்கள் எங்கால எடுத்தனீங்கள்?" என்றான்.

"உன்ர அலுமாரிக்குள்ள இருந்த டிஸ்க் மகன்" என்றார் தகப்பன் பெருமையாக.

திரையில் கடற்கரை வந்தது.

முதலில் நாற்பது வினாடி. அறையில் அதை முன்பே பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இராசையா எழும்பினார்.

"இருங்கோ அப்பா," என்றாள் தயாளினி. மூன்று வருடத்தில் அவள் அவரிடம் குரல் உயர்த்திச் சொன்ன முதல் சொல். "முழுக்கப் பாருங்கோ."

இராகுலன் பாய்ந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தப் பார்த்தான். சிந்துஜா ரிமோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஏன் நிப்பாட்டுறீங்கள்? போகட்டும், நானும் பார்க்கிறன்."

ஆறு நிமிடம். போத்தலோடு ஓடிவரும் மனைவி. மடியில் சாய்ந்த தலை. கிழிந்த சேலைத் தலைப்பு. கமெராவின் பின்னாலிருந்து இராகுலனின் சிரிப்பு. பிறகு கடிதம் திரை நிறைய வந்தது. அதன்பின் பட்டியல்; டிஸ்க் அனுப்பிய பதினொரு வீட்டுப் பெயர்கள். அதில் நான்கு பேர் அந்த அறையிலேயே பலகாரத் தட்டோடு இருந்தார்கள். ஒருத்தி தட்டை மெல்ல நிலத்தில் வைத்தாள்.

பாக்கியரத்தினத்துக்கு வேர்த்தது. "இது ஆரோ செய்த கள்ள வேலை. இந்தக் காலத்தில கொம்பியூட்டரில என்னவும் செய்யலாம்."

"ஓம் மாமா, செய்யலாம்," என்றாள் ஜெயரூபி. "ஆனால் இது ஒளிஞ்சு கிடந்த பழைய டிஸ்க்கை இண்டைக்குக் காலமை உங்கட கையால தந்தது நீங்கள். எழுதின திகதி உள்ளுக்கே கிடக்கு. ஆகஸ்ட் ஒன்பது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பத்தாம் திகதி. அந்த ஆறு நிமிசமும் இந்த வீட்டை விட்டு வேற எங்க இருந்தது? சொல்லுங்கோ."

 எல்லோருடைய கண்களும் இராகுலனிடம் போயின.

"என்னை ஏன் பார்க்கிறியள்?" அவன் கத்தினான். "அப்பா சொல்லித்தான் வெட்டினனான். கடிதமும் அவர்தான். அவர் சொல்லச் சொல்ல நான் அடிச்சனான்!"

"வாயை மூடடா!"

"ஏன் மூடவேணும்? நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். நீங்கள்தான் விடேல்லை."

"உனக்காகத்தானேடா!" பாக்கியரத்தினத்தின் குரல் உடைந்தது. "உன்னை வேண்டாமெண்டு என்ர முகத்துக்கு நேரே சொன்னாளே. நான் எப்பிடி இந்த ஊரில தலை நிமிர்ந்து நடக்கிறது?"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். கனடாவிலிருந்து வந்த தங்கையைப் பார்த்தார். அவள் கைப்பையைத் தேடினாள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்த மனிதர் நின்றார்.

தயாளினி கண் இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். இனித்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

இராசையா மெல்ல நடந்து மச்சானின் முன்னால் போய் நின்றார்.

"இந்தச் செற்றியில இருத்தித்தான் எனக்கு அதைக் காட்டினீங்கள் அத்தான்."

"இராசையா, நான்…"

"என்ர மனுசி போனபிறகு உங்களைத்தான் கூடப்பிறந்தவர் மாதிரி நினைச்சனான். உங்கட சொல்லைக் கேட்டு என்ர பிள்ளையை உயிரோட புதைச்சனான்." அவர் குரல் நடுங்கியது, நிற்கவில்லை. "நான் செத்தாலும் நீங்கள் என்ர வாசலுக்கு வரக்கூடாது. என்ர நெருப்புக்கு உங்கட வீட்டு ஆம்பிளை ஒருத்தனும் நிற்கக்கூடாது. இவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லுறன்."

அவர்கள் வெளியேறும்போது சிந்துஜா பிளேயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்தாள். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு நாள். டிஸ்க்கை உறைக்குள் வைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் தயாளினியிடம். "இது என்னட்ட இருக்கட்டும். எங்கட அம்மா அப்பாவும் பார்க்கவேணும்."

வீட்டுக்கு வந்து சேர ஐந்தரை ஆனது. ஜெயரூபி தேத்தண்ணி ஊற்றினாள். இராசையா கதிரையில் இருக்கவில்லை. நடு அறையில் அங்குமிங்குமாக நடந்தார். கடைசியில் இளைய மகளின் முன்னால் வந்து நின்றார்.

"தயா," என்றார். அந்தப் பெயரைச் சொல்ல வாய் பழக்கமில்லாமல் போயிருந்தது. "அப்பாவோட ஒரு வார்த்தை கதையம்மா. என்னை ஏசு. என்ன வேணுமெண்டாலும் சொல்லு."

தயாளினி அவரை நேராகப் பார்த்தாள். தகப்பனின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுடைய கண் காய்ந்திருந்தது.

"நான் அழுது அழுது சொன்னதை நீங்கள் நம்பேல்லை. டிஸ்க் சொன்னவுடன நம்புறீங்கள்," என்றாள். "இண்டைக்கு ஏலாது அப்பா. எப்ப ஏலுமெண்டு எனக்குத் தெரியாது."

 இராசையா தலையை அசைத்துவிட்டு வாசலடியில் போய் நின்றார்.

அப்போதுதான் வாகனம் வந்தது. இராகுலன் தனியாக இறங்கினான். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கியது.

"மாமா, சிந்துஜா போயிட்டாள்," என்றான் படலைக்கு வெளியே நின்று. "அவளின்ர தமையன் பொலிசுக்குப் போறதாச் சொல்லுறான். ரூபி மச்சாளிட்ட இருக்கிற, திகதி கிடக்கிற அந்தப் பழைய டிஸ்க்கைத் தாங்கோ. காலில விழுந்து கேட்கிறன்."

இராசையா படலையின் கொழுக்கியை இறுக்கிப் போட்டார். "போடா."

"தாறன்."

தயாளினி வாசலுக்கு வந்திருந்தாள். ஜெயரூபி திடுக்கிட்டு அவளுடைய கையைப் பிடித்தாள். அவள் அதை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"தாறன், ஆனால் சும்மா இல்லை. பதினொரு வீட்டுக்கு அனுப்பினீங்கள். அந்தப் பதினொரு வீட்டுக்கும் என்னோட வாங்கோ. ஒவ்வொரு வாசலிலயும் நிண்டு, என்ன செய்தனீங்கள் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிண்டு கேட்பன். பதினோராவது வீட்டில டிஸ்க் உங்கட கைக்கு வரும்."

"இப்பவோ?"

"இப்பதான். முதல் வீடு கிளிவெட்டி."

இராகுலன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. தயாளினி படலையின் கொழுக்கியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். இராசையா தடுக்கவில்லை.

 இராகுலன் போய் வாகனத்தின் முன்கதவைத் திறந்தான். அவளுக்காகத் திறந்தானா, தப்பி ஓடத் திறந்தானா என்பது அவனுடைய முகத்தில் தெரியவில்லை.